பத்தடிச் சிரிப்பு

ஒரு சிரிப்பின் விலை பத்தடி பிலிம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், நிலக்கடலையை மல்லாட்டை என்கிற திண்டிவனத்தில், மல்லாட்டை மண்டிக்காரர் தாண்டவராயன் போட்ட கணக்கில் அதுதான் விலை. அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

பத்தடி என்றால் மலைக்க ஒன்றுமில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்து, சுண்ணாம்பைத் தேடுவதற்குள் கேமராவில் ஓடி முடிந்துவிடும். ஆனால் பிலிம் என்பது அந்தக் காலத்தில் கையில் காசிருந்தாலும் கிடைக்காத சரக்கு. கோடம்பாக்கத்தில் பெரிய படங்களுக்கு எடுத்ததுபோக மிஞ்சும் துண்டுகளை யாரோ ஒருவர் டப்பாவில் சேர்த்து வைத்துப் பின்வாசல் வழியாக விற்பார். தாண்டவராயன் வாங்கியதெல்லாம் அந்தத் துண்டுகள்தான். கோணியை உதறி, தையலில் சிக்கிய பருப்பையும் பொறுக்கி எடுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். அடுத்தவன் மிச்சத்தில் நான் முழுப்படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று மண்டியை மைத்துனர் கையில் விட்டுவிட்டு இறங்கினார்.

கேமராவோடு மதராஸிலிருந்து வந்தவர் சீனுவாசன். ஒல்லியான ஆள், வெயிலைப் பார்த்தால் மட்டும் முகம் மலரும். அவருடைய கேமரா கைக்கு அடக்கமானது, கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுத்து ஓட்டுவது. வசனத்தை அப்புறம் மதராஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ரயிலை விட்டு இறங்கிக் காப்பி குடித்த கையோடு அவர் முதல் பாடத்தைச் சொன்னார்.

"கதை போற வரிசையில எடுக்காதீங்க சார். எடம் போற வரிசையில எடுங்க. ஒரு வீட்டுக்குள்ள போனா, அந்த வீட்டுல கல்யாணம், சாவு, சண்டை, சாப்பாடு எல்லாத்தையும் எடுத்துட்டு வெளிய வந்துடணும். திரும்பிப் போகப்படாது."

தாண்டவராயனுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அனந்தபுரத்துக்கும் வானூருக்கும் ஒரே லாரி போனால், மூட்டை ஏற்றுகிற வரிசை வேறு, ஆர்டர் வந்த வரிசை வேறு. மண்டியில் இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சினிமா இவ்வளவுதானா என்று அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

படத்தின் கதை எளிமையானது. பம்பாய்க்கு வேலைக்குப் போகும் மகனை, அழுகையை அடக்கிக்கொண்டு, விழுப்புரம் ஸ்டேஷனில் சிரித்தபடி வழியனுப்புகிறாள் ஒரு தாய். அவன் திரும்பி வரும்போது வாசலில் அவள் பிணமாகக் கிடக்கிறாள். அந்த ஸ்டேஷன் சிரிப்பு நின்றால் படம் நிற்கும், இல்லையென்றால் படுத்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தாயாக நடிக்க விழுப்புரத்து நாடகக் கம்பெனியிலிருந்து கெங்கம்மாளை அமர்த்தினார். நாற்பதைத் தாண்டிய வயசு. அவள் மேடையில் சிரித்தால் பின்வரிசையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான் என்பார்கள்.

சாவு நடக்கும் வீடு கூட்டேரிப்பட்டில். மயிலம் போகிற பாதையில் முனியம்மாள் என்கிற, மல்லாட்டை பயிரிடும் சம்சாரியின் வீடு. பெரிய வாசல், ஒரு வேப்பமரம். மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்தால் வாசல் களமாகிவிடும், அதற்குள் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது முனியம்மாளின் நிபந்தனை. ஆக, படத்தின் கடைசியில் சாக வேண்டிய கெங்கம்மாள் முதல் நாளே செத்தாள்.

பெஞ்சில் படுக்க வைத்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, மாலை போட்டார்கள். சீனுவாசன் பிலிம் போடாமலே நாலு தடவை எல்லாரையும் நடக்கவிட்டுப் பார்த்தார். "ஒத்திகைக்கு செலவு கெடையாது, எவ்ளோ வேணா பாக்கலாம்," என்றார். அழுவதற்கு வந்த ஊர்ப் பெண்கள் மட்டும் ஒத்திகையிலேயே நிஜமாக அழுது தீர்த்துவிட்டு, எடுக்கும்போது விக்கிக்கொண்டு நின்றார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. நாற்பதடி எடுத்தார்.

"கட்," என்றார் சீனுவாசன். எல்லாரும் கலைந்தார்கள். கெங்கம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"சிரிப்பு எடுங்க," என்றாள் கண்ணை மூடியபடியே.

தாண்டவராயன் சீனுவாசனைப் பார்த்தார்.

"வழக்கம் சார்," என்றார் சீனுவாசன். "செத்த மாதிரி எடுத்தா, மாலையக் கழட்டறதுக்கு முன்ன அவங்க கேமராவப் பாத்து ஒரு தடவை சிரிக்கணும். எடுத்துடணும். கோடம்பாக்கத்துல எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் இதை விடமாட்டாங்க."

"படத்துல அது வருமா?"

"வராது."

"வராத சரக்குக்கு எதுக்குய்யா பிலிம்?"

கெங்கம்மாள் இப்போது கண்ணைத் திறந்தாள். "நாடகத்துல செத்தா தெரை வுழுந்ததும் எழுந்து வந்து கும்புடுவேன் தம்பி. சனம் பாத்துடும், இவ உசுரோடத்தான் கீறான்னு. உங்க சினிமாவுல தெரை எங்க வுழுது, சொல்லுங்க. அந்தப் பொட்டி என்னைப் பொணமா பாத்துச்சு. அதுவேதான் என்னை உசுரோடவும் பாக்கணும்."

"அதுக்கு இன்னாக்கா, எடுத்துட்டா போச்சு," என்றார் தாண்டவராயன்.

சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சீனுவாசன் கைமேல் போட்டார். மண்டியில் விலை பேசுகிற முறை அது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் விலை. எத்தனை விரலோ அத்தனை. வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சீனுவாசனுக்கு அவர்தான் அதைப் பொழுதுபோக்காகச் சொல்லிக் கொடுத்திருந்தார். இப்போது துண்டுக்கு அடியில் அவர் விரல் எதையும் பிடிக்கவில்லை. கையை மூடிச் சீனுவாசன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஒன்றுமில்லை, காலி என்று அதற்குப் பொருள்.

சீனுவாசன் தயங்கினார். பிறகு திரும்பி நின்று கேமராவைத் திறந்தார், மூடினார், சாவி கொடுத்தார். கெங்கம்மாள் மாலையோடு எழுந்து உட்கார்ந்து, நெற்றிக் காசோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். நல்ல சிரிப்பு. விழுப்புரம் ஸ்டேஷனில் எடுக்க வேண்டிய சிரிப்பே அதுதான்.

பிலிம் உள்ளே இருந்தால் கேமரா ஓடுகிற சத்தம் தையல் மெஷின் துணிமேல் ஓடுவதுபோல் கனமாக இருக்கும். துணியில்லாத மெஷின் வேறு மாதிரி சத்தம் போடும். சிலுசிலுவென்று, ஒன்றையும் பிடிக்காமல். பாதியில் கெங்கம்மாளின் காது அதைக் கேட்டுவிட்டது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் நின்றுபோயிற்று. மாலையைத் தானே கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

வேப்பமரத்தடியில் நின்ற முனியம்மாள், "மண்டிக்காரங்க துண்டு போட்டுப் பேசினா எம் மூட்டைய நான் இன்னொரு தடவ எண்ணிக்குவேன்," என்றாள் யாரையும் பார்க்காமல். அவளும் வருஷாவருஷம் மல்லாட்டை விற்கிறவள்.

அடுத்த வாரம் விழுப்புரம் ஸ்டேஷன். வெயில் உச்சிக்கு ஏறினால் கண்குழியில் நிழல் விழும், பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று சீனுவாசன் காலையிலேயே எல்லாரையும் நிறுத்திவிட்டார். ஒரே பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் வலமும் இடமும் மாறி மாறிப் போகும் என்று பிளாட்பாரத்தில் கரித்துண்டால் கோடு கிழித்தார். எல்லாம் சரியாக நடந்தது. ரயில்கூட நேரத்துக்கு வந்தது. கெங்கம்மாள் கையை அசைத்தாள், உதட்டை விரித்தாள், பல்லும் தெரிந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

"அக்கா, கொஞ்சம் சந்தோஷமா," என்றார் தாண்டவராயன்.

"சந்தோஷமாத்தான் கீறேன்."

மூன்று முறை எடுத்தார்கள். மகனாக நடித்த நடராசன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கோமாளித்தனம் எல்லாம் செய்து பார்த்தான். மூன்றாம் முறை அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். இறங்கி வந்து, "அவங்க என்னைப் பாக்கல அண்ணே. எனக்குப் பின்னால யாரையோ பாக்கறாங்க," என்றான். அவனுக்குப் பின்னால் காலிப் பெட்டிதான் இருந்தது.

எடுத்ததை மதராஸில் கழுவி வாங்கி, திண்டிவனத்துக் கொட்டகையில் காலை நேரத்தில் போட்டுப் பார்த்தார்கள். முதலில் சாவுக் காட்சி. கெங்கம்மாள் பெஞ்சில் கிடந்தாள். கன்னத்தில் வெயில் விழுந்து, பார்க்க ஏதோ தூங்குகிறவள் போலிருந்தது. அடுத்து ஸ்டேஷன். கொட்டகையில் இருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்கள். பிளாட்பாரத்தில் நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தது ஒரு பிணம். பொட்டும் பூவும் வைத்துக்கொண்டு, ரயிலைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பெஞ்சில் கிடந்தவளுக்கு உயிர் இருந்தது. நின்றவளுக்கு இல்லை.

"வெளிச்சக் கோளாறா?" என்றார் தாண்டவராயன்.

"வெளிச்சம் என் வேலை சார்," என்றார் சீனுவாசன். "அதுல கோளாறு இல்ல."

அன்றிலிருந்து தாண்டவராயனுக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மண்டியில் கோணி தைக்கிறவர்கள் சாப்பிடப் போன பிறகும், சிலுசிலுவென்று ஏதோ ஒன்று ஒன்றையும் பிடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை வெங்கடாசலத்திடம் கேட்டார். "ஒண்ணும் கேக்கலியே மொதலாளி," என்று சொல்லிவிட்டு அந்த ஆள் அவரை ஒரு மாதிரி பார்த்தார். மண்டியில் முதலாளிக்கு இல்லாத சத்தம் கேட்கிறது என்று வெளியே தெரிந்தால் ஒருத்தன் கடன் கொடுக்கமாட்டான். தாண்டவராயன் அப்புறம் அதைப்பற்றிப் பேசவில்லை.

படத்தில் மற்றதெல்லாம் எடுத்து முடிந்து, கையில் இருந்தது ஒரே ஒரு பிலிம் துண்டு. ஒரு சிரிப்பு வேண்டும். விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்குப் பின்னால் கெங்கம்மாள் வீட்டுக்குப் போனார்.

அவள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் முறையாக இருந்தது. முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"கூட்டேரிப்பட்டுக்குப் போயிருந்தேன் தம்பி," என்றாள். "என்னைப் படுக்க வச்ச எடத்துல முனியம்மா வெளக்கு வச்சிக்கினு கீறா. பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி. இன்னாடி இதுன்னு கேட்டேன். ‘வூட்டு வாசல்ல ஒரு சாவு வுழுந்துச்சு, எழுப்பறவங்க எழுப்பல, நான் இன்னா பண்ணுவேன்’னா. காக்காவுக்குச் சோறு வைக்கிறாளாம். என் பேரு சொல்லி."

"அறிவு கெட்டவ, நான் போயி பேசறேன்."

"அவளை ஏன் திட்டறே? அந்தச் சோத்தை வச்சப்பறந்தான் எனுக்குப் பசியே எடுக்குது."

தாண்டவராயன் தொண்டையைச் செருமினார். "பிலிம் கொண்டாந்திருக்கேன்கா. நிஜ பிலிம். கேமராவத் தெறந்து காட்டச் சொல்றேன். இப்ப சிரிங்க. ஒங்களுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு."

"முயற்சி பண்ணாமலா இருப்பேன்? கண்ணாடி முன்னால நிக்கிறேன். வரல. அது அந்தப் பொட்டிக்குள்ள போச்சு. பிடிச்சிக்க உள்ள ஒண்ணும் இல்ல. எங்க போச்சோ." முறத்தைக் கீழே வைத்தாள். "ஒரு வழி இருக்குது. நீ வியாபாரி, உனுக்குப் புரியும். நான் படுத்த எடத்துல நீ படு. எனுக்கு எவ்ளோ ஓட்டினியோ அவ்ளோ ஓட்டு. பிலிம் போட்டு."

"நானா?"

"என் எடத்துல ஒருத்தர் படுத்தாத்தானே நான் எழுந்திருக்க முடியும்?"

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கையிருப்பை மனசுக்குள் அளந்தார். நாற்பதடி போனால் மிச்சம் பத்தும் சொச்சமும்.

"இருபதடி ஓட்டினா போதாதாக்கா? பாதி?"

"பாதி சாவு உண்டா தம்பி?"

விலை அதற்குமேல் இறங்கவில்லை.

சீனுவாசனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தொழில்ரீதியாக அவர் சொன்னது நம்பிக்கையாக இருந்தது. "சிரிப்பை ஸ்டேஷன்லதான் எடுக்கணும்னு இல்ல சார். முகத்தை மட்டும் கிட்டத்துல எடுத்து, பின்னால வெறும் வானமா வச்சிட்டா, கூட்டேரிப்பட்டா விழுப்புரமான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அதே புடவை, அதே பூ, வெயில் அதே பக்கம். போதும்."

கூட்டேரிப்பட்டில் வாசல் பாதிக் களமாகியிருந்தது. ஒரு பக்கம் மல்லாட்டைக் கொடி காய்ந்தது. பெஞ்சு இருந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வெட்ட வெயிலில் அங்கே ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது. முனியம்மாள் வந்து விளக்கை நகர்த்தினாள், அணைக்கவில்லை.

தாண்டவராயன் படுத்தார். கால் விரலைக் கட்டியது முனியம்மாள். இறுக்கியே கட்டினாள். நெற்றியில் காசு குளிர்ந்தது. மாலையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது.

"மூச்சை மெதுவா வுடுங்க சார், வயிறு ஆடினா தெரியும்," என்றார் சீனுவாசன். சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேமரா ஓடத் தொடங்கியது. கனமான, துணி தைக்கிற சத்தம். பல நாளாகக் காதில் இருந்த அந்தச் சிலுசிலுப்பு சட்டென்று நின்றுபோனதை அவர் கவனித்தார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவரைப் பயமுறுத்தியது.

முனியம்மாள் ஒப்பாரி வைத்தாள். வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. படத்தில் சத்தமே பதியப்போவதில்லை. தாண்டவராயன் பேரைச் சொல்லி, அவர் மண்டியைச் சொல்லி, துண்டுக்குள் பேசிய கை இப்போது தூக்க முடியாமல் கிடக்கிறதே என்று பாடினாள். கையைத் தூக்கலாம் என்று நினைத்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆடக்கூடாது என்று விட்டார். அப்புறம், ஆடாமல் இருப்பது தான்தானா என்று தெரியவில்லை. கட்டைவிரல்கள் எங்கே இருக்கின்றன என்று தேடினார். திண்டிவனத்து மண்டியில் மைத்துனர் தராசடியில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. யாரோ அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். மைத்துனர் நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார். அந்தப் பதில் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. எல்லாம் நாற்பதடிக்குள்.

"கட்."

எழுந்து உட்கார்ந்தார். வெயில் இருந்தது, கோழி மேய்ந்தது, எல்லாம் இருந்தது. எதுவும் அவரைப் பார்ப்பதுபோல் இல்லை.

"சீனுவாசா, என்னை எடு," என்றார். குரல் யாருடையதோ போலிருந்தது. "ஜல்தி. நான் சிரிக்கிறேன், எடு."

"சார், மிச்சம் இருக்கிறதே பன்னெண்டு அடி. அக்காவோட முகம்—"

"அது அப்புறம். என்னை எடுய்யா. மாலையக் கழட்டறதுக்கு முன்ன எடுக்கணும்னு நீதானே சொன்னே."

சீனுவாசன் கேமராவை அவர் பக்கம் திருப்பி, ஓட்டாமல் சிரிப்புக்குக் காத்து நின்றார். தாண்டவராயன் சிரிக்கப் பார்த்தார். உதட்டை இழுத்தார். கன்னத்தை இரண்டு கையாலும் தூக்கிவிட்டார். நெற்றிக் காசு நழுவி மூக்குப் பஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டது. கால் விரல் கட்டு அவிழாமலே இறங்கப் பார்த்து, மாலையோடு மல்லாட்டைக் கொடியில் குப்புற விழுந்து, அங்கிருந்தே தலையை நிமிர்த்தி, "இப்ப எடு, இப்ப வருது," என்று கெஞ்சினார்.

அப்போது கெங்கம்மாள் சிரித்தாள்.

முதலில் மூக்கில் சின்னதாக ஒரு சத்தம். அப்புறம் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணில் நீர் வர, வாய்விட்டுச் சிரித்தாள். வானம் அவளுக்குப் பின்னால் வெறுமையாக இருந்தது. வெயில் அதே பக்கம் இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு மகனை அனுப்புகிற தாயின் சிரிப்பு அதுதான் என்பது கண்ணிருக்கிற எவனுக்கும் தெரியும்.

சீனுவாசன் கேமராவோடு நடுவில் நின்றார். "சார், யாரை?"

பன்னிரண்டு அடி. இரண்டு சிரிப்புக்குக் காணாது.

தாண்டவராயன் தரையில் கிடந்தபடி அவளைப் பார்த்தார். படத்துக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிற்காலத்தில் அவர் சாதித்தார். முனியம்மாள் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் முகத்தை நான் பார்த்தேன், அப்போது அவருக்குப் படம் ஞாபகமே இல்லை என்பாள்.

"அவங்கள," என்றார்.

கேமரா திரும்பியது. ஓடியது. பிலிமின் வால் உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கும்வரை கெங்கம்மாள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து, முனியம்மாளிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டாள். முனியம்மாள் அகலை அணைக்கக் குனிந்தாள். தரையில் கிடந்த தாண்டவராயனை ஒரு தடவை பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டாள்.

கழுவி வந்த துண்டைக் கொட்டகையில் போட்டபோது, எடுத்த வரிசையிலேயே ஓடியது. முதலில் பெஞ்சில் தாண்டவராயன், மாலையும் காசுமாக. அவர் அசையவே இல்லை. பார்த்த நடராசன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். அதை ஒட்டி, இடைவெளியில்லாமல், அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பெண். அப்புறம் வெள்ளைத் திரை. திரை வெள்ளையான பிறகும் தாண்டவராயன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதுபோல்.

படம் டூரிங் கொட்டகைகளில் சுமாராக ஓடியது. கெங்கம்மாள் சிரிக்கிற இடத்தில் பெண்கள் அழுதார்கள்.

துண்டு பிலிம் விற்கிற ஆளைத் தேடித் தாண்டவராயன் மறுபடி கோடம்பாக்கம் போனார், வாங்கினார், கேமரா முன் உட்கார்ந்தார். சீனுவாசன் பொறுமையாக எடுத்தும் கொடுத்தார். கழுவி வந்ததில் உதடு விரிந்தது, பல்லும் தெரிந்தது, அவ்வளவுதான்; இரண்டு பேரும் காப்பி குடிக்கப் போனார்கள்.

கூட்டேரிப்பட்டு வாசல் கணக்கு:

கெங்கம்மாள்: சாவு ஒன்று, நாற்பதடி. சிரிப்பு ஒன்று, பன்னிரண்டு அடி. கணக்கு நேர்.

தாண்டவராயன்: சாவு ஒன்று, நாற்பதடி. சிரிப்பு, பாக்கி.